கைராசியும் ஐந்தரை மணியும்

திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாப் பாட்டிலிலும் 'மா' என்றுதான் எழுதியிருக்கும். 'கா' என்றால் காலை ஷிப்ட், 'மா' என்றால் மாலை ஷிப்ட். நாற்றுப்பண்ணைக்காரர் 'கா' பாட்டில்களை மட்டும் வைத்துக்கொண்டு, 'மா' பாட்டில்களை ஒன்று விடாமல் திருப்பி அனுப்பியிருந்தார். மாலை ஷிப்ட் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான், இது மூன்றாவது மாதம்.

மாலை ஷிப்ட்காரி வாசலில் நின்று அந்தப் பெட்டிகளை வெறித்துப் பார்த்தாள். அவளைத் தொழிற்சாலையில் எல்லோரும் 'டிப்ளமோ' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியம் அவளுடைய நாத்தனாரைச் சேரும். ஆய்வகப் படிப்பில் டிப்ளமோ வாங்கிய பெண் தம்பிக்கு மனைவியாக வந்த நாளிலிருந்து, சாப்பாட்டில் உப்பு கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, "டிப்ளமோ படிச்ச கையாச்சே" என்று ஒரு வார்த்தை விழாமல் இருக்காது. இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அதே நாத்தனார்தான். அதை அவள் ஒருபோதும் சொல்லிக்காட்ட மாட்டாள், வாரத்துக்கு நாலு தடவைக்கு மேல்.

அங்கே தயாராவது ஒரு கலங்கலான திரவம். பார்க்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு சொட்டில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். நாற்றின் வேரை அதில் முக்கி நட்டால், அவை பிசின் விட்டு வேரோடு ஒட்டிக்கொண்டு அழுகல் நோயை அண்ட விடுவதில்லை. பதிலுக்கு வேர் கசியவிடும் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக வாழும். குடியிருப்பவன் வாடகைக்குப் பதிலாக வாசலைக் காவல் காக்கிற மாதிரியான ஏற்பாடு.

தொட்டி எஃகுத் தொட்டி. உள்ளே மட்டம் தெரிவதற்காக ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதிரே கிழக்கு ஜன்னல். காலை ஐந்தரைக்கு நாத்தனார் வந்து குழாயைத் திறந்து மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிட்டு, அந்த அளவுக்குப் புது ஊட்டத்தை ஊற்றுவாள். சாயங்காலம் ஐந்தரைக்கு டிப்ளமோ அதையே செய்வாள். ஒரே தொட்டி, ஒரே குழாய், ஒரே சூடு. மாறுவது கை மட்டும்தான். அதனால் எல்லோருக்கும் விஷயம் பளிச்சென்று புரிந்துபோயிற்று. நாத்தனாருக்குக் கைராசி உண்டு, டிப்ளமோவுக்கு இல்லை.

முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் காரணம் தெரியாத எதையும் அரை நாள்கூடச் சும்மா வைத்திருக்க அவரால் முடியாது. கைக்குக் கிடைத்த ஒரு காரணத்தை எடுத்து அடைத்துவிடுவார்.

"இந்த வாரம் சாயங்காலமும் உங்க அண்ணியே வந்து குழாயத் திறக்கட்டும். நீ தொடாத" என்றார்.

"தொடாம எப்படி சார் வேலை பாக்கறது?"

"பக்கத்துல நில்லு. தப்பா எடுத்துக்காதம்மா. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல? இது சரியா வந்துட்டா அப்படியே வெச்சுக்கலாம். நீ பாட்டில் கழுவுற பக்கம் போயிடு. சம்பளம் அதேதான்."

பாட்டில் கழுவுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. அவளும் அங்கேதான் ஆரம்பித்தாள். ஆனால் இரண்டு வருஷம் முட்டி மோதி, தொட்டி அறைக்குள் நுழைந்தவள் அவள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊரே வாழ்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். அங்கிருந்து வெளியே போவதுகூடப் பரவாயில்லை. 'ராசியில்லாத கை' என்ற பெயரோடு போவதுதான் நெஞ்சை அறுத்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்பு போட்டாலும் போகாது.

அன்று சாயங்காலம் நாத்தனார் புதுப்பெண் மாதிரி சிங்காரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "தள்ளி நில்லு டிப்ளமோ, உன் மூச்சு படப்போவுது" என்று சொல்லிக் குழாயைத் திறந்தாள். ஆறு நாளும் இதே கூத்து. டிப்ளமோ சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தன் வீட்டுக் கல்யாணத்தில் தன்னையே பந்தலுக்கு வெளியே நிறுத்திய மாதிரி இருந்தது அவளுக்கு.

பத்து நாள் கழித்து நாற்றுப்பண்ணையிலிருந்து வண்டி வந்தது. கைராசிக்காரி தன் கையாலேயே பிடித்த அத்தனை 'மா' பாட்டில்களும் இறங்கின. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'வேரில் ஒட்டவே இல்லை. இது என்ன குளத்துத் தண்ணியா?'

முதலாளிக்கு அப்போதும் காரணம் கிடைத்துவிட்டது. "பக்கத்துல நின்னாளே, அதான். அவ நிழல் பட்டிருக்கும்."

இங்கேதான் அவர் தப்புக் கணக்குப் போட்டார். நாத்தனாருக்குத் தம்பி மனைவியைத் தானே திட்டுவதில் ஆட்சேபம் கிடையாது. ஆனால் தன் கையை இன்னொருத்தியின் நிழல் ஜெயித்துவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்புவதை அவளால் தாங்க முடியாது.

"நிழலா? என் கைய மீறி இவ நிழலா?" என்று பொரிந்து தள்ளிக்கொண்டே தொட்டி அறைக்குள் வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஏன்டி, நீ ஏதாவது பண்ணியா? உண்மையச் சொல்லு."

டிப்ளமோ அந்தத் துண்டுச் சீட்டை இன்னொரு தரம் படித்தாள்.

"அண்ணி, காலையில திறந்தது உங்க கைதான?"

"ஆமா."

"சாயங்காலம் திறந்ததும் உங்க கைதான?"

"அதுக்கென்ன இப்ப?"

"காலையில புடிச்சது ஒட்டுது. சாயங்காலம் புடிச்சது ஒட்டல. கை மாறவே இல்ல அண்ணி. மணிதான் மாறியிருக்கு."

நாத்தனார் தன் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்போ என் கைராசி?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருந்தது.

ஒட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பத்து நாள் நாற்றுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு வழி சொன்னது டிப்ளமோ படிப்பு இல்லை, அடுப்படி. சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பதில்லையா? திரவத்தில் கண்ணாடிக் குச்சியை முக்கி மெதுவாகத் தூக்கினால், பிசின் இருந்தால் நூல் இழுக்கும். இல்லாவிட்டால் சொட்டென்று விழும். மறுநாள் காலை ஐந்தரைக்கு நாத்தனார் தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் நீளத்துக்கு நூல் வந்தது. சாயங்காலம் டிப்ளமோ தூக்கினாள். தண்ணீர் மாதிரிச் சொட்டியது. மூன்று நாளும் அப்படியே.

புதன்கிழமைதோறும் தரம் பார்க்க வரும் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னார்கள். பாக்டீரியாக்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். சிரிக்காமலே கேலி செய்வார்.

"அப்ப இதுங்களுக்கு மணி தெரியும்ங்கற?"

"அப்படித்தாங்க தோணுது."

"நீலப்பச்சைப் பாக்டீரியான்னு ஒரு ஜாதி இருக்கு. வெயில வெச்சே பொழைக்கறது. அதுக்குக் கடிகாரம் உண்டு, ஒத்துக்கறேன். இது மண்ணுக்குள்ள இருட்டுல கிடக்கற ஜாதி. இதுக்கு எதுக்கும்மா மணி? அதுவும் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ ரெண்டாப் பிரியுது. காலையில இருந்தது சாயங்காலம் இல்லவே இல்ல. எது மணி பாக்கும், எது ஞாபகம் வெச்சுக்கும்?"

டிப்ளமோவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "டாக்டரம்மா, இங்க ஷிப்ட் மாறும்போது ஆளுங்கதான மாறறோம்? சுவத்துல இருக்கற கடிகாரம் ஓடிட்டுத்தான இருக்கு?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வாய் நல்லாத்தான் பேசுற. ஆனா ஜன்னல்ல வர்ற வெயிலப் பாத்துக்கூட அது பிசின் விடலாம். காலையில மோட்டார் போடற அதிர்வா இருக்கலாம். உள்ளுக்குள்ள கடிகாரம் இருக்குன்னா, வெளிய ஒண்ணுமே தெரியாத இருட்டுலயும் அது ஓடணும். ஓட்டிக் காட்டு, பாப்போம்."

இது சவாலா, கிண்டலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டாள். முதலாளியிடம் போய், சும்மா கிடக்கும் இரண்டாவது தொட்டியையும் ஒரு மாத அவகாசத்தையும் கேட்டாள். "ஒரு மாசம். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது" என்றார் அவர். பாட்டில் கழுவுமிடத்தில் அவளுக்கென்று ரப்பர் பூட்ஸ் எடுத்து வைத்துவிட்டதையும் ஒரு தகவலாகச் சொன்னார்.

முதல் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து இரண்டாவது தொட்டியில் பெருக்கி, ஒரு வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்கள். பிறகு அதைக் கறுப்புத் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். சூடு அசையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊட்டம் சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் ஒரே அளவில் இறங்கியது. அடியிலிருக்கும் சின்னக் குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை துளி எடுத்து நூல் இழுத்துப் பார்க்க வேண்டும். பகல் முழுக்க டிப்ளமோ, இரவும் விடிகாலையும் நாத்தனார். நடுவில் மாட்டிக்கொண்டவன் டிப்ளமோவின் கணவன். மனைவியைக் கூட்டிப் போகவும் அக்காவைக் கொண்டுவந்து விடவும் ஸ்கூட்டரிலேயே குடியிருந்தான். "ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரே வேலைய பாக்கறீங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றான்.

சண்டை நாலாவது நாள் வந்தது. நூல் நீண்ட நேரத்தைக் குறித்து வைத்த நோட்டைப் பார்த்ததும் டிப்ளமோ திடுக்கிட்டாள். முதல் நாள் நூல் நீளமாக வந்தது காலை ஐந்தரைக்கு. இரண்டாவது நாள் ஆறரைக்குத்தான். மூன்றாவது நாள் ஏழரைக்கு. நான்காவது நாள் எட்டரை.

"அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"யாரு தூங்கினது?"

"நேரம் தள்ளித் தள்ளிப் போவுதே. முழிச்சு எழுந்து அவசரமா எழுதினீங்களா?"

"ஏய்! பிள்ளைக்கு அம்மை போட்டப்பக்கூட இப்படி நான் கண்ணு முழிச்சதில்லடி. அஞ்சரைக்குப் பாத்தேன், நூல் குட்டையா இருந்துச்சு. விட்டுட்டுப் போக மனசு வரல. ரெண்டு மணிக்கு ஒருக்கா பாத்தாப் போதும்னு நீ சொன்ன, நான் அரை மணிக்கு ஒருக்காப் பாத்தேன். எப்ப நீண்டுச்சோ அப்ப எழுதினேன். வேணும்னா என் கண்ணப் பாரு!"

கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பொய் சொல்லும் கண் அது இல்லை. டிப்ளமோ நோட்டை மறுபடி பார்த்தாள். ஐந்தரை, ஆறரை, ஏழரை, எட்டரை. தூங்கிவிட்டவள் எழுதினால் தாறுமாறாக இருக்கும். இது படி ஏறுவது போல் ஒழுங்காக ஏறியிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் பிந்துகிறது. தொழிற்சாலையில் எது தினமும் ஒரு மணி நேரம் பிந்துகிறது? மோட்டார் பிந்தவில்லை. சங்கு பிந்தவில்லை. சூரியன் பிந்தவில்லை. வெளியே இருக்கும் எதுவும் இந்தத் தாளத்தில் இல்லை.

அவளுக்குப் புரிந்தபோது கத்தியே விட்டாள். நாத்தனாரைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றாத குறை.

"அண்ணி, தப்பு இல்ல! இதுதான் சாட்சி! அதுக்குன்னு சொந்தமா ஒரு கடிகாரம் இருக்கு. ஆனா அது கொஞ்சம் மெதுவா ஓடற கடிகாரம். தினமும் காலையில வெயில் வந்து முள்ளைத் திருத்தி வைக்குது. நாம துணியப் போட்டு மூடினதும் திருத்த ஆள் இல்ல. அது பாட்டுக்குத் தன் மணியில ஓடுது!"

"அப்ப நான் தூங்கல" என்றாள் நாத்தனார் விறைப்பாக.

"நீங்க தூங்கல அண்ணி. காலுல விழறேன், மன்னிச்சுக்குங்க."

புதன்கிழமை டாக்டரம்மா நோட்டை மேஜையில் விரித்து வைத்து ஒவ்வொரு நாள் கணக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியா இருபத்திநாலு மணி நேரம் காட்டியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். இந்தக் கட்டடத்துல ஓடற மோட்டாரப் பாத்து ஆடுதுன்னு சொல்லியிருப்பேன். பிந்துது பாரு, அங்கதான் நான் தோத்தேன்" என்றார். தோற்றவர் முகம் மாதிரி அது இல்லை. பண்டிகைக்குப் புதுத்துணி கிடைத்த குழந்தையின் முகம். வேர் இனிப்பைக் கசியவிடுவது விடிந்து இலைகள் வேலையைத் தொடங்கிய பிறகுதான், அதனால் விடியும் முன்பே பிசினோடு தயாராக நிற்கும் பாக்டீரியாவுக்குத்தான் முதல் பந்தியில் இடம் என்று அவரே வாய் ஓயாமல் விளக்க ஆரம்பித்தார். இருட்டு மண்ணில் கிடப்பதற்கு எதற்கு மணி என்று கேட்டவரும் அவர்தான். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் முதலாளிக்கு நோட்டு வேண்டாம், நாற்று வேண்டும். மாதம் முடியப் பதினைந்து நாள் பாக்கி.

டிப்ளமோ இரண்டாவது தொட்டியின் கறுப்புத் துணியை எடுக்கவில்லை. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விளக்கை வைத்து, டைமரைப் பொருத்தினாள். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு விளக்கு எரியும், விடிகாலை ஐந்தேகாலுக்கு அணையும். தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு அந்தி என்பது இனிமேல் விடியல். முதல் இரண்டு நாள் நூல் குழம்பிப்போய் வந்தது. மூன்றாம் நாள் நீண்டது. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்குக் குச்சியைத் தூக்கினாள். ஒரு சாணுக்கும் மேலே நூல் அறுபடாமல் ஆடியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சார், இப்ப குழாயத் திறக்கலாம். ஆனா நானும் திறக்கல, அண்ணியும் திறக்க வேணாம். இங்க இருக்கறதுலயே ராசி இல்லாத கை யாரோட கை?" என்று கேட்டாள்.

அறையில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி அறையில் இதுவரை பிழைத்த செடி கிடையாது. பிளாஸ்டிக் செடிகூட வெளுத்துப்போயிருந்தது.

"என்னையா சொல்ற?" என்றார் முதலாளி.

"நீங்க தொட்டு இது ஒட்டிச்சுன்னா அப்புறம் யாரும் கையப் பத்திப் பேச முடியாதில்லீங்களா?" என்றாள் நாத்தனார் பணிவாக. அந்தப் பணிவில் எவ்வளவு விஷமம் என்பது டிப்ளமோவுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குழாயைத் திறந்தார். பாட்டில்களில் டிப்ளமோ 'மா' என்று எழுதினாள். வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

பத்து நாள். வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினாள். ரப்பர் பூட்ஸ் மூலையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசி நாள் மத்தியானம், நாற்றுப்பண்ணைக்காரர் தானே நேரில் வந்தார். வழக்கமாகச் சீட்டு மட்டும் அனுப்புகிற மனுஷர் நேரில் வந்தால் நல்லதுக்கா, கெட்டதுக்கா என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியிலிருந்து பெட்டி எதுவும் இறங்கவில்லை. இரண்டு நாற்றுத் தட்டுகள் இறங்கின.

ஒரு தட்டிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேர் வெள்ளை வெளேரென்று, பூனைவால் மாதிரிப் புசுபுசுவென்று இருந்தது. மண் உதிரவில்லை. இன்னொரு தட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். அதுவும் அப்படியே.

"இது காலைல புடிச்சது, இது சாயங்காலம் புடிச்சது. எது எதுன்னு எனக்கே தெரியல. சீட்டு ஒட்டலேன்னா குழம்பிப் போயிருப்பேன். அழுகல் ஒண்ணுகூட இல்ல. என் ஆயுசுல இப்படி ஒரு வேர நான் பாத்ததில்ல."

வாசல் முழுக்க ஒரே ஆரவாரம். பாட்டில் கழுவுகிறவர்கள் ஈரக்கையோடு ஓடி வந்தார்கள். டாக்டரம்மா கைதட்டினார். தன் கை பட்டது முளைத்துவிட்டதென்று முதலாளி அந்த நாற்றைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லோரிடமும் காட்டப் போய்விட்டார். இனி அவரைப் பிடிக்க முடியாது.

"யாரு இந்தக் கைராசிக்காரங்க?" என்று நாற்றுப்பண்ணைக்காரர் சுற்றிப் பார்த்தார்.

வழக்கமாக அந்த வார்த்தைக்கு ஒரு அடி முன்னால் வந்து நிற்பவள் நாத்தனார்தான். இன்றும் வந்தாள். ஆனால் டிப்ளமோவின் முதுகில் கைவைத்து அவளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ராசி எல்லாருக்கும் ஒரே ராசிதான். நேரம் தெரிஞ்சு திறக்கணும். அத இருட்டுக்குள்ளேருந்து கண்டுபுடிச்சது இவதான். என் தம்பி பொண்டாட்டி" என்றாள். பிறகு, ஏழு வருஷத்தில் முதல் முறையாக, கேலி துளியும் கலக்காமல் சேர்த்தாள்: "டிப்ளமோ படிச்சவ."

நாற்றுப்பண்ணைக்காரர் அன்று சாயங்காலம் வரை போகவே இல்லை. புதிதாகப் பிடித்துக்கொண்டுதான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஐந்தேகாலுக்குத் துணிக்குள் விளக்கு எரிந்தது. ஐந்தரைக்கு அவர் தன் கேனை எடுத்துக்கொண்டு வந்து குழாயின் கீழே வைத்தார். முதலாளி பழக்கதோஷத்தில் சட்டைக் கையை மடித்தார். நாத்தனார் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"நீயே புடிச்சுக் குடும்மா" என்றார் நாற்றுப்பண்ணைக்காரர்.

இத்தனை நாள் தொடக்கூடாது என்று விலக்கி வைத்திருந்த தன் வெறுங்கையால், டிப்ளமோ குழாயைப் பிடித்துத் திருகினாள்.